அடுக்களைப் புகையும் அன்னையின் மூச்சும்

குறுந்தொகையை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தவர்கள், கூடலூர் கிழார் பாடிய அந்தச் சிறு செய்யுளை எளிதில் மறந்துவிடமாட்டார்கள். புதிதாக இல்லறம் ஏற்ற பெண்ணொருத்தி தன் கையாலே தயிரைப் பிசைந்து குழம்பு வைக்கின்றாள். பிசைந்த விரலைத் துடைத்துக்கொண்ட சேலையை மாற்றவும் அவளுக்குப் பொழுதில்லை. தாளிதத்தின் புகை கண்களில் நிறைகின்றது. கணவன் உண்டுவிட்டு, நன்றாயிருக்கின்றது என்று ஒரு சொல் சொல்கின்றான். அவள் முகம் மெல்ல மலர்கின்றது. மகளின் மனைவாழ்க்கையைக் கண்டுவந்த செவிலித்தாய் இக்காட்சியை நற்றாய்க்கு எடுத்துரைக்கின்றாள்.

இச்செய்யுளை வகுப்பறையிற் பல்லாண்டுகள் கற்பித்திருக்கின்றேன். அதிலுள்ள அன்பின் நுண்மையை மாணவர்க்கு விரித்துரைத்திருக்கின்றேன். ஆனால், அப்பெண்ணின் கண்ணிற் படிந்த புகையைப் பற்றி மாத்திரம் ஒருநாளும் நான் சிந்தித்ததில்லை. சிந்திக்கச் செய்தவர் ஒரு வைத்தியர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்கு இருமல் வந்து ஓயாது நின்றுவிட்டது. கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீரோடு வீட்டு வாசலை அடைவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்குவார். முதுமையின் தளர்ச்சி என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். வைத்தியர் அவரை ஒரு குழாயில் ஊதச் செய்து சுவாசப்பையின் வலுவை அளந்தார். பின்னர், "அம்மா, நீங்கள் சுருட்டுப் பிடிப்பதுண்டோ?" என்று வினவினார். "சிவசிவா! இந்த வாயில் ஒருநாளும் வைத்ததில்லை, ஐயா" என்றார் என் தாயார். "விறகடுப்பில் எத்தனை வருடமாகச் சமைக்கிறீர்கள்?" என்பது வைத்தியரின் அடுத்த வினா. தாயார் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு வயதில் அடுப்படிக்குப் போனேன். இன்னும் வெளியே வரவில்லை" என்று சிரித்தார். வைத்தியர் சிரிக்கவில்லை. "அப்படியாயின் நீங்களும் புகைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்" என்றார்.

அன்று தொட்டு நான் கற்றுக்கொண்டவற்றையும், கல்குடாவிலும் அதன் அயலூர்களிலும் வாழும் குடும்பங்கள் தத்தம் வீட்டிற் செய்து பார்க்கக்கூடியவற்றையும் வாசக நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகை என்பது யாது?

விறகு முற்றாக எரிந்தால் எஞ்சுவன பெரும்பாலும் நீராவியும் காபனீரொட்சைட்டும் சிறிது சாம்பலுமே. ஆனால் நமது அடுப்பில் விறகு ஒருபோதும் முற்றாக எரிவதில்லை. காற்றுப் போதாமலும், விறகிலே ஈரம் இருப்பதாலும் அது அரைகுறையாகவே வேகின்றது. அவ்வாறு எரியாது எஞ்சிய பகுதியே புகையாகின்றது. அதனுள் நுண்ணிய கரித்துகள்களும், காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவும், பென்சீன், போமல்டிகைட்டு முதலிய பொருள்களும் கலந்திருக்கின்றன.

இவற்றுள் அதிகம் அஞ்சத்தக்கவை நுண்துகள்களாம். ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்கிரோன். இரண்டரை மைக்கிரோனும் அதற்குக் குறைந்தவுமான துகள்கள், நமது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே பருமனுள்ளவை. மூக்கின் மயிர்களும் தொண்டையின் சளியும் பெருந்தூசியைத் தடுத்துவிடும். இவற்றைத் தடுக்க வல்லன அல்ல. இவை சுவாசப்பையின் கடைசிச் சிற்றறை வரை சென்று படிகின்றன. குழந்தைகளுக்கு நியூமோனியாவும், பெரியோருக்கு நீடித்த சுவாசத்தடை நோயும் இருதய நோயும் பாரிசவாதமும் வருவதற்கு இவை துணைபோகின்றன என்று மருத்துவ உலகம் கண்டிருக்கின்றது. கண்ணிற் புரை வளர்வதற்கும் அடுப்புப் புகைக்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. வீட்டினுள் விறகு முதலியவற்றை எரிப்பதனால் எழும் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாயிருத்தல் வேண்டும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் வீட்டுப் புகையின் காரணமாக ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் உலகெங்கும் அகால மரணமடைந்தனர். அவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளாவர்.

1952 ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் மாநகரைப் புகைமூட்டம் ஐந்து நாள் சூழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நான்கு ஆண்டுகளுள், 1956 இல், பிரித்தானியப் பாராளுமன்றம் தூய காற்றுக்கென ஒரு சட்டத்தையே இயற்றிற்று. தெருவில் எழுந்த புகை ஓர் அரசையே அசைத்துவிட்டது. அடுக்களையில் எழும் புகையோ தலைமுறை தலைமுறையாக எவரையும் அசைக்கவில்லை. அது பெண்களின் புகையாயிருந்தமையே அதற்குக் காரணம் போலும்!

தமிழ்நாட்டு அடுக்களைகளில் அளந்து கண்டது

புகை கெடுதி என்பது எவருக்கும் தெரியும். எவ்வளவு கெடுதி என்பதை அளந்தால் அன்றோ அறியலாம்? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் கேர்க் சிமித் அவர்களும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் மாநிலத்துக் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தனர். இத்துறையில் முன்னோடியாக அமைந்த முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

நமக்கு இன்னும் அணித்தானது தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஆய்வாகும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் அவர்களும் அவர்தம் குழுவினரும் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளைத் தெரிந்தெடுத்து, அங்குள்ளோர் சுவாசிக்கும் காற்றிலுள்ள நுண்துகள்களை நிறுத்துக் கணக்கிட்டனர். அதன் முடிவு 2002 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விறகு முதலியவற்றை எரிக்கும் வீடுகளிற் சமையல் நடைபெறும் வேளையில் ஒரு கன மீற்றர் காற்றில் 500 முதல் 2,000 மைக்கிரோகிராம் வரை துகள் இருந்தது. நாள் முழுவதற்குமாகச் சராசரி கண்டபோது, சமைப்பவர் 231 மைக்கிரோகிராம் செறிவுள்ள காற்றைச் சுவாசித்தார். அதே வகை வீட்டிற் சமையலில் ஈடுபடாதவர் 90 மைக்கிரோகிராம் செறிவுள்ள காற்றைச் சுவாசித்தார்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே கூரை, ஒரே சோறு. ஆயினும் சமைப்பவள் உள்வாங்கிய துகள் மற்றவரினும் இரண்டரை மடங்கு! அவ்வீட்டின் ஆண்மகன், "எங்கள் வீட்டிற் புகை அதிகமில்லை" என்று சொல்வானாயின், அவன் பொய் சொல்லவில்லை. அவன் இருந்த இடத்தில் அதிகமில்லை, அவ்வளவே.

இன்னொன்றும் அவ்வாய்விற் புலனாயிற்று. எரிவாயு முதலிய தூய எரிபொருளை உபயோகித்த வீட்டினரும் சராசரி 82 மைக்கிரோகிராம் செறிவைச் சுவாசித்தனர். வெளிக்காற்றே தூய்மையாக இல்லாதவிடத்து, ஒரு வீட்டார் அடுப்பை மாற்றுவதனால் மாத்திரம் காற்று முற்றும் தூயதாகிவிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் வகுத்த வழிகாட்டியின்படி, இரண்டரை மைக்கிரோனுக்கு உட்பட்ட துகள் ஒரு நாட் சராசரியில் 15 மைக்கிரோகிராமைத் தாண்டுதல் கூடாது. தமிழ்நாட்டில் அளந்த துகளின் பரும எல்லை சற்றே வேறாயினும், நாம் எங்கே நிற்கின்றோம் என்பதை உணர இந்த ஒப்பீடு போதும்.

துகளின் அளவை நிருணயிப்பவை எவை என்றும் அவர்கள் ஆராய்ந்தனர். எரிபொருளின் வகை, அடுக்களை அமைந்துள்ள இடமும் அதன் அமைப்பும், அடுப்பருகே கழிக்கும் நேரம் ஆகிய மூன்றுமே முதன்மையானவை எனக் கண்டனர். இம்மூன்றனுள் எரிபொருளை மாற்றப் பணம் வேண்டும். ஏனைய இரண்டையும் மாற்ற மனம் இருந்தாற் பெரும்பாலும் போதும்.

நம் ஊரில் அடுக்களை இடம்பெயர்ந்த கதை

கடலுக்கும் வாழைச்சேனை வாவிக்கும் அணித்தாக அமைந்த நம் ஊரின் பழைய வீடுகளில், அடுக்களை பெரும்பாலும் தனியே நின்றது. மண்ணால் எழுப்பிய அரைச்சுவர்; அதன்மேற் கிடுகு வேய்ந்த கூரை; சுவருக்கும் கூரைக்கும் நடுவே நாற்புறமும் இடைவெளி. தீப்பிடித்தால் வீடு தப்பவேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் அதனைப் புறம்பே வைத்தனர் போலும். ஆயினும் புகை வெளியேறுவதற்கும் அதுவே வழியாயிற்று.

1978 ஆம் ஆண்டுச் சூறாவளியும், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், இடையே நெடுங்காலம் நிகழ்ந்த போரும் நம் பிரதேசத்தின் வீடுகளை அழித்தன. அவற்றின் பின் எழுந்தவை கல்வீடுகள். பாதுகாப்பில் இவை மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்புதிய வீடுகள் பலவற்றிற் குசினி வீட்டோடு சேர்ந்துவிட்டது. சுவர் கூரை வரை உயர்ந்தது. சாளரம் ஒன்றாகச் சுருங்கிற்று. எரிவாயு அடுப்புக்கு ஏற்ற அறையில் நாம் விறகடுப்பைக் கொண்டுபோய் வைத்தோம். அடுக்களை மாறிற்று, அடுப்பு மாறவில்லை.

2012 ஆம் ஆண்டில் இலங்கையின் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. அதன்பின் எரிவாயு மெல்லப் பரவிற்று. 2021 ஆம் ஆண்டின் இறுதியிற் சிலிண்டர்களோடு தொடர்புடைய வெடிப்புச் செய்திகள் மக்களை அஞ்சச் செய்தன. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைப்பதே அரிதாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு உயர்ந்தது. விறகடுப்பைக் கைவிட்ட வீடுகளும் மீண்டும் அதனை மூட்டின. ஆகவே, "விறகை விட்டுவிடுங்கள்" என்று ஒரு வரியில் உபதேசஞ் செய்துவிட்டுப் போவது நம்மூர்க் குடும்பங்களுக்கு நியாயமாகாது. விறகு இருக்கும்வரை அதன் புகையை எவ்வாறு வெல்வது என்பதையும் சொல்லவேண்டும்.

வீட்டிலேயே சோதித்தல்

மாணவ நண்பர்களே! ஆய்வுகூடம் இல்லையென்று மலைக்க வேண்டாம். உங்கள் வீட்டு அடுக்களையே ஓர் ஆய்வுகூடந்தான். பின்வரும் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதலாவது, சுவரைப் படியுங்கள். அடுக்களைச் சுவரில் எந்த உயரத்திலிருந்து கரி படிந்திருக்கின்றது என்று நோக்குங்கள். சூடான புகை மேலெழுந்து கூரையடியில் ஒரு படலமாகத் தங்கும். அதன் கீழ் எல்லையைச் சுவரின் கரிக்கோடு காட்டும். அக்கோடு உங்கள் தாயாரின் தலைக்கு மேல் இருக்குமாயின் ஓரளவு நலம். மூக்குக்குக் கீழே இருக்குமாயின், அவர் நாள்தோறும் புகைப்படலத்துள் நின்று சமைக்கின்றார் என்பது பொருள்.

இரண்டாவது, வெள்ளை அட்டைச் சோதனை. மூன்று வெள்ளை அட்டைகளில் வாசிலினை மெல்லியதாகப் பூசுங்கள். ஒன்றை அடுப்பருகே மூக்கின் உயரத்தில், தீப்படாத தூரத்தில், தொங்கவிடுங்கள். ஒன்றைப் படுக்கையறையிலும், மற்றதை வெளி விறாந்தையிலும் வையுங்கள். ஒரு நாள் கழித்து மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கண்ணுக்குப் புலனாகாத நுண்துகளை இது கணக்கிட்டுக் காட்டாது. ஆயினும் கரி எங்கெங்கே செல்கின்றது என்பதைத் தெளிவாகக் காட்டும். குழந்தை உறங்கும் அறையின் அட்டை கறுத்திருப்பின், அதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

மூன்றாவது, ஊதுபத்திச் சோதனை. அடுப்பு அணைந்திருக்கும் வேளையில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவருகிலும் சாளரத்தருகிலும் கூரையிடைவெளியின் கீழும் பிடித்து, புகை எத்திசையிற் சாய்கின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்று எவ்வழி நுழைந்து எவ்வழி போகின்றது என்பது விளங்கும். கச்சான் வீசுங்காலத்தில் ஒரு முறையும் வாடை வீசுங்காலத்தில் ஒரு முறையும் இதனைச் செய்யவேண்டும். ஒன்று மேற்கிலிருந்தும் மற்றது வடகிழக்கிலிருந்தும் வருவதால், கச்சானிற் புகையை வெளியேற்றும் சாளரமே வாடையிற் புகையை வீட்டினுள் தள்ளக்கூடும்.

நான்காவது, மணிக்கூட்டுச் சோதனை. அடுப்பு மூட்டிய நேரம், கண் எரியத் தொடங்கிய நேரம், சமையல் முடிந்தபின் புகை நெடி நீங்கிய நேரம், அவ்வேளைகளில் அடுக்களையுள் இருந்தவர் யாவர் என்பனவற்றை ஒரு வாரம் கொப்பியிற் பதியுங்கள். மடியிலிருந்த குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணுதல் மறவாதீர்.

கருவி வாங்க வசதியுள்ள பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்கள், கையடக்கமான துகள்மானி ஒன்றைப் பெற்று மாணவர் வீடுகளுக்கு முறைவைத்து அனுப்பலாம். அதனுள் ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கும். ஒளிக்கற்றையொன்று அக்காற்றினூடே செல்லும். துகள்கள் சிதறவிடும் ஒளியைக் கொண்டு அவற்றின் அளவு கணிக்கப்படும். அடுப்பிலிருந்து ஒரு மீற்றர் தூரத்திலும், நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்திலும், கதவு சாளரங்களுக்கு நேரே படாதவாறும் அதனை வைத்தல் முறை. மூட்டுவதற்கு முன்னும், சமைக்கும்போதும், முடிந்தபின்னும் அளவு எடுக்கவேண்டும். கடற்காற்றின் ஈரப்பதம் இத்தகைய எளிய கருவிகளைச் சற்று மயக்கும். ஆதலின் அது காட்டும் ஓர் எண்ணை வேதவாக்காகக் கொள்ளாது, மாற்றம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கே அதனைப் பயன்படுத்துதல் நன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. துகள்மானி, குற்றஞ்சாட்டுங் கருவியன்று. "எங்கள் வீட்டில் இவ்வளவு, உங்கள் வீட்டில் அவ்வளவு" என்று வகுப்பில் ஒப்பிட்டு, வறிய வீட்டுப் பிள்ளையைத் தலைகுனியச் செய்வோமாயின் நாம் கற்ற விஞ்ஞானம் வீணாகும்.

குறைக்கும் வழிகள்

செலவில்லாதவற்றை முதலிற் கூறுவேன். விறகை உலர்த்துங்கள். பச்சை விறகில் நிறையிற் பாதியளவு நீராகவே இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் வலிமை அழிந்து, அடுப்புப் புகைகின்றது. ஐப்பசியில் மாரி தொடங்குமுன், கச்சானின் வெயிலிலேயே விறகைச் சிறு துண்டுகளாகப் பிளந்து, மழை படாத தாழ்வாரத்தில், நிலத்தில் முட்டாதவாறு அடுக்கி வைத்தல் வேண்டும். இது ஆண்களின் வேலை என்று நான் அழுத்திச் சொல்வேன். ஆவணியிற் கோடரியெடுக்கச் சோம்பிய கணவனின் பிழைக்கு, மார்கழியில் மனைவியின் சுவாசப்பை வட்டி கட்டுகின்றது.

அடுப்பு மூட்டப் பொலித்தீன் பைகளையும் பிளாஸ்திக்குத் துண்டுகளையும் இடும் வழக்கத்தை இன்றே ஒழிக்கவேண்டும். அவற்றின் புகை விறகுப் புகையினும் நச்சுத்தன்மை மிகுந்தது. தென்னம்பாளையும் காய்ந்த சிரட்டையும் நிறைந்த நம்மூரில் அதற்குத் தேவையே இல்லை. பானையை மூடிச் சமைத்தல், கடலை பயறு முதலியவற்றை முன்னிரவே ஊறவைத்தல் ஆகிய சிறு பழக்கங்கள் அடுப்பு எரியும் நேரத்தைக் குறைக்கும். நேரம் குறையப் புகையும் குறையும். கைக்குழந்தையையும் கருவுற்ற பெண்ணையும் அடுப்படியிலிருந்து விலக்கி வைத்தல் யாவற்றினும் முதன்மையானது. வீட்டிலுள்ள மற்றவர் அவ்வேளையில் குழந்தையை ஏந்திக்கொண்டால், அதுவே ஒரு மருந்தாகும்.

அடுத்து, சிறு செலவில் ஆகக்கூடியவை. சுவரின் மேற்பகுதியில், கூரையை ஒட்டி, எதிரெதிராக இரு திறப்புகள் இடுங்கள். கீழே கதவோ சாளரமோ திறந்திருந்தாற் குளிர்ந்த காற்று அவ்வழி நுழையும். சூடான புகை மேல்வழி போகும். கல்நார்ச் சீமெந்துத் தகடு வேய்ந்த வீட்டினர் கூரையைத் துளையிடாது சுவரிலேயே திறப்பு அமைத்தல் நன்று. கல்நாரை அறுக்கும்போது எழும் தூள் சுவாசப்பைக்குப் பெருங்கேடு விளைப்பதாகும். புகைக்கூடு கட்ட வசதியுள்ளோர், அதன் வாய் கூரை முகட்டுக்கு மேல் உயருமாறு கட்டி, உட்புறம் படியும் கரியை அவ்வப்போது நீக்கவேண்டும். அடைபட்ட புகைக்கூடு, புகைக்கூடு இல்லாமைக்கு ஒப்பாகும்.

1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட அனகி என்னும் இருவாய் மண்ணடுப்பை வாசகர் பலர் அறிந்திருப்பர். மூன்று கல் அடுப்பினும் குறைந்த விறகில் அது சமைத்துத் தரும். ஆனால் அதற்குப் புகைக்கூடு கிடையாது. ஆதலின் அதனை வாங்கியதோடு நில்லாது, காற்றோட்டத்துக்கும் வழிசெய்தல் வேண்டும். இடமுள்ளோர் விறகடுப்பை மீண்டும் வெளிக் கொட்டிலுக்குக் கொண்டுசெல்வதே சாலச் சிறந்தது. இங்கே பழமைக்குத் திரும்புவது பிற்போக்கு ஆகாது.

வசதியுள்ள குடும்பங்கள் எரிவாயுவுக்கோ மின்னடுப்புக்கோ மாறுதல் நன்று. முழுவதும் மாற முடியாதோர், சோற்றையும் தேநீருக்கான வெந்நீரையும் மாத்திரம் மின்சாரத்தில் ஆக்கினாலும் விறகு எரியும் நேரம் பெரிதுங் குறையும். எரிவாயு வந்துவிட்டது என்று சாளரத்தை அடைத்துவிடலாகாது. எண்ணெயிற் பொரிக்கும்போதும் தாளிக்கும்போதும் எழும் புகை எவ்வடுப்பிலும் எழுவதே.

அடுப்பு அல்லாத புகைகள்

வீட்டுப் புகை அடுக்களையோடு முடிவதில்லை. நுளம்புச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள், 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடான நுண்துகளை வெளியிடுகின்றது என 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கண்டது. கதவடைத்த அறையிற் குழந்தையின் தலைமாட்டில் அதனைக் கொளுத்தி வைக்கின்றோம்! நுளம்புவலை அதனினும் மேலான காவல். சாம்பிராணியும் ஊதுபத்தியும் நம் வழிபாட்டோடு ஒன்றியவை. அவற்றை விடுக என்று நான் சொல்லேன். சாளரத்தைத் திறந்துவைத்து, அளவோடு ஏற்றினால் இறைவன் குறை கொள்ளமாட்டான். வீட்டினுள் சிகரெட்டு, பீடி, சுருட்டுப் புகைப்போருக்கு வாசல் எங்கேயிருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

மின்தடை வேளையில் மின்பிறப்பாக்கியை வீட்டினுள் இயக்குதலும், அடைத்த அறையிற் கரி எரித்தலும் உயிராபத்தானவை. காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைப் பார்க்கிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு பிணைந்துகொள்ளும். உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும்.

நேர்மையாக ஒன்று

இவ்வளவையும் செய்தால் நோயே வராது என்று நான் வாக்களிக்க மாட்டேன். குவாத்தமாலா நாட்டு மலைக்கிராமங்களிற் புகைக்கூடுள்ள அடுப்பைக் கொடுத்துச் செய்த ஆய்வின் முடிவு 2011 இல் வெளியாயிற்று. குழந்தைகள் சுவாசித்த புகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கடுமையான நியூமோனியா மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. ஆனால் எல்லா நியூமோனியாவையும் சேர்த்துப் பார்த்தபோது பயன் ஐயந்திரிபற நிலைநாட்டப்படவில்லை. தமிழ்நாடு உட்பட நான்கு நாடுகளின் கிராமங்களில் 3,200 கருவுற்ற பெண்களைக் கொண்டு நிகழ்ந்த மற்றோர் ஆய்வின் முடிவு 2022 இல் வந்தது. எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த துகள் வெகுவாகக் குறைந்தது. எனினும், பிறந்த குழந்தைகளின் நிறையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதனால் நாம் சோர்வதற்கில்லை. பல்லாண்டு படிந்த கேட்டைச் சில திங்களில் துடைத்துவிட இயலாது என்பதும், சிறிது குறைத்தல் போதாது, பெரிதுங் குறைத்தல் வேண்டும் என்பதும், ஒரு வீடு மாத்திரமன்றி ஊரே சேர்ந்து முயலவேண்டும் என்பதும் நாம் இவற்றிலிருந்து கொள்ளத்தக்க பாடங்களாகும்.

எங்கள் வீட்டில் விறகடுப்பு இப்போது கொல்லைப்புறக் கொட்டிலில் இருக்கின்றது. காலைச் சோறு மின்னடுப்பில் ஆகின்றது. விறகு பிளப்பவன் நான். என் தாயாரின் சுவாசப்பை பழையபடி ஆகிவிடவில்லை; இழந்த வலுவை அது முற்றாக மீட்பதில்லை என்று வைத்தியர் முன்னமே சொல்லிவிட்டார். ஆனால் அவர் இருமும் இரவுகள் குறைந்திருக்கின்றன. என் மகள் அடுப்படிக்குச் செல்லும் வயதை அடைந்துவிட்டாள். சுவரிற் கரிக்கோடு எந்த உயரத்தில் இருக்கின்றது என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் அவள் உள்ளே நுழைகின்றாள்.

குறுந்தொகைச் செய்யுளை இப்போதும் கற்பிக்கின்றேன். உணவை நன்றென்று புகழ்ந்த அத்தலைவன் நல்லவனே. ஆயினும், சமைத்தவளின் கண்களையும் அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். இன்று மதிய உணவுக்கு அமரும் வாசகர்கள், உண்பதற்கு முன் எழுந்து சென்று அடுக்களையின் சாளரத்தைத் திறந்துவிட்டு வாருங்கள். மற்றவற்றை நாளைக்குத் தொடங்கலாம்.